ஸ்டெப் டவுன்: பதவியை விட்டு இறங்குவது எப்படி?

ஃபைனல் இயர் மக்களே, ஒரு நிமிஷம் உங்க போனை எடுத்துப் பாருங்க. எத்தனை வாட்ஸ்அப் குரூப்ல நீங்க இன்னும் அட்மின்? சிம்போசியம் குரூப், கிளப் குரூப், ஹாஸ்டல் டே குரூப், போன வருஷ ஹேக்கத்தான் குரூப்... இன்னும் சில வாரத்துல நாம எல்லாரும் இந்தக் காலேஜை விட்டுக் கிளம்பப் போறோம். அந்த அட்மின் உரிமையை யார்கிட்ட கொடுக்கப் போறீங்க? எப்போ?

ஏன் கேட்கறேன்னா, நான் ஒரு வருஷம் எங்க டெக்னிக்கல் கிளப்புக்குச் செயலாளரா இருந்தேன். போன மாசம் ஜூனியர்கள்கிட்ட பொறுப்பை ஒப்படைச்சாச்சு. மேடை, கைத்தட்டல், குரூப் போட்டோ எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. நாலு நாள் கழிச்சுப் புதுச் செயலாளர் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு போஸ்டர் போட்டான். அந்த ஃபான்ட் எனக்குப் பிடிக்கலை. அவன்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம நானே மாத்தி குரூப்ல திரும்பப் போட்டேன். "சரிண்ணா" என்று மட்டும் பதில் வந்தது. அதுக்கப்புறம் எதைப் போடறதுக்கு முன்னாடியும் எனக்கு அனுப்பி, "ஓகேவாண்ணா?" என்று கேட்க ஆரம்பிச்சான். முதல்ல எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. ஒரு வாரம் கழிச்சுத்தான் உறைச்சது. நான் பதவியைத்தான் கொடுத்திருக்கேன், அதிகாரத்தைக் கொடுக்கவே இல்லை. இப்போ அவன் செயலாளர் இல்லை, என் உதவியாளர்.

நாற்பது பேர் இருக்கிற ஒரு கிளப்புக்கே மனசு இந்தப் பாடு படுதுன்னா, ஒரு நாட்டையே கையில வெச்சிருந்தவங்க எப்படி இறங்கியிருப்பாங்க? இறங்கின அடுத்த நாள் காலையில என்ன செஞ்சிருப்பாங்க? இந்தக் கேள்வியோட நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதைத்தான் இங்கே பகிர்ந்துக்கறேன். ஆறு பேர் கதை. எல்லாம் நல்ல முடிவு உள்ள கதை இல்லை என்பதை முன்னாடியே சொல்லிடறேன்.

முதல்ல ஒரு சின்ன அடிப்படை

நம்ம தெருமுனையில நிக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர். 11,000 வோல்ட்டை வாங்கி வீட்டுக்கு ஏத்த அளவுக்குக் குறைச்சுக் கொடுக்குது. இழப்புகளை விட்டுட்டுப் பார்த்தா உள்ளே போற பவரும் வெளியே வர்ற பவரும் ஒண்ணுதான். வோல்டேஜ் குறையும், அதுக்கு ஏத்த மாதிரி கரண்ட் கூடும். 11,000 வோல்ட்டை நேரா வீட்டுக்குக் கொடுத்தா மிக்ஸி எரிஞ்சுடும். குறைஞ்சு வந்தாத்தான் அது யாருக்காவது பயன்படும்.

பதவி என்பதை வோல்டேஜ்னு வெச்சுக்குங்க. செல்வாக்கு என்பது கரண்ட். பதவியை விட்டு இறங்கினா எல்லாமே போயிடும்னு நாம பயப்படறோம். ஆனா சில பேருக்குப் பதவி குறைஞ்சப்போ செல்வாக்கு கூடியிருக்கு. சில பேருக்கு ரெண்டுமே போயிருக்கு. இன்னும் சில பேர் இறங்கின மாதிரி காட்டிட்டு இறங்கவே இல்லை. வித்தியாசம் எங்கே இருக்குன்னு பார்ப்போம்.

1. வாஷிங்டன்: வாங்கின இடத்துலேயே திருப்பிக் கொடுத்தவர்

1775 ஜூன் மாதம் அமெரிக்கக் காலனிகளின் காங்கிரஸ், ஜார்ஜ் வாஷிங்டனைப் படைத்தலைவராக நியமித்தது. எட்டு வருஷப் போருக்குப் பிறகு 1783இல் பிரிட்டனோடு உடன்படிக்கை கையெழுத்தானது. அந்த நேரத்தில் அந்த நாட்டில் ஒழுங்கான அரசாங்கம்னு பெரிசா எதுவும் இல்லை. காங்கிரஸ்கிட்ட பணம் இல்லை, சிப்பாய்களுக்குச் சம்பளம் பாக்கி. மக்களுக்குத் தெரிந்த ஒரே பெரிய பெயர் வாஷிங்டன். அவர் கையில ஒரு படை. நினைச்சிருந்தா என்ன வேணும்னாலும் செஞ்சிருக்கலாம்.

வாய்ப்பும் வந்தது. 1783 மார்ச் மாதம் நியூபர்க் முகாமில் சம்பளம் கிடைக்காத அதிகாரிகள் கொதிச்சுப் போயிருந்தாங்க. காங்கிரஸை மிரட்டலாம் என்று பெயர் போடாத கடிதம் ஒன்று சுற்றி வந்தது. வாஷிங்டன் அந்தக் கூட்டத்துக்கு நேரில் போனார். பேசினார், பெரிசா எடுபடலை. பிறகு ஒரு கடிதத்தைப் படிக்க முயன்று, எழுத்து தெரியாமல் சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். இந்தப் போரில் தலை நரைத்துப்போனது, இப்போது கண்ணும் மங்கிக்கொண்டு வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி சொன்னார். அவர் கண்ணாடி போட்டு அதிகாரிகளில் பலர் பார்த்ததே இல்லை. சில பேர் அழுதுட்டாங்களாம். மிரட்டல் பேச்சு அங்கேயே அடங்கிப்போனது.

அந்த வருஷம் டிசம்பர் 23ஆம் தேதி அன்னாபோலிஸ் நகரில் கூடியிருந்த காங்கிரஸ் முன்னால் போய் நின்று, தன்னுடைய நியமனப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, மவுண்ட் வெர்னான் பண்ணை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துட்டார்.

இதுல கவனிக்க வேண்டியது, அவர் அதிகாரத்தை யார்கிட்ட கொடுத்தார் என்பது. தனக்குப் பிடிச்ச ஒரு தளபதிகிட்ட கொடுக்கலை. எந்தச் சபை கொடுத்ததோ அதே சபைகிட்ட கொடுத்தார். அந்தச் சபை அப்போ பலமில்லாதது, பணமில்லாதது. ஆனா அவர் கொடுத்த அந்தச் செயலே அதுக்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது.

விளைவு? ஆறு வருஷம் கழிச்சு 1789இல் அவரைத்தான் முதல் குடியரசுத் தலைவராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தாங்க. திருப்பிக் கொடுக்கிறவர்னு தெரிஞ்சதால நம்பிக் கொடுத்தாங்க. ரெண்டு முறை இருந்துட்டு, 1796 செப்டம்பரில் மூணாவது முறை வேண்டாம் என்று பத்திரிகையில் அறிக்கை வெளியிட்டார். அப்போ ரெண்டு முறைதான் என்று எந்தச் சட்டமும் கிடையாது. ஆனா அவர் போட்ட வழக்கம் 1940இல் ரூஸ்வெல்ட் மூணாவது முறை ஜெயிக்கும்வரை உடையவில்லை. அதற்குப் பிறகு 1951இல் அதை அரசியல் சட்டத்திலேயே எழுதிட்டாங்க. அவர் குறையில்லாத மனிதர் இல்லை, சாகும்வரை அடிமைகளை வைத்திருந்தவர். ஆனா இறங்குகிற விஷயத்தில் அவர் விட்டுப்போன பழக்கம் ஒன்றரை நூற்றாண்டு நின்றது.

2. டயோக்ளீஷியன்: முட்டைக்கோஸ் வளர்த்த பேரரசர்

இன்னும் பழைய கதை. ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன், பேரரசு ஒரு ஆளுக்கு ரொம்பப் பெரிசு என்று புரிந்துகொண்டு, 293இல் நாலு பேர் சேர்ந்து ஆளும் முறையைக் கொண்டுவந்தார். ரெண்டு மூத்த பேரரசர், ரெண்டு இளையவர். கி.பி. 305 மே 1ஆம் தேதி தானே முன்வந்து பதவி விலகினார். இன்னொரு மூத்தவரான மாக்சிமியனையும் அதே நாளில் விலக வைத்தார். இளையவர்கள் ரெண்டு பேரும் மேலே வந்தாங்க. காகிதத்துல பார்த்தா அருமையான ஹேண்ட் ஓவர் பிளான்.

அதற்குப் பிறகு ரெண்டு பேரும் என்ன செஞ்சாங்கன்னு பாருங்க. டயோக்ளீஷியன் கடற்கரையில் ஒரு அரண்மனை கட்டிக்கொண்டு தோட்டம் போட்டார். இன்னைக்குக் குரோஷியாவில் இருக்கிற ஸ்ப்ளிட் நகரம் அந்த அரண்மனைச் சுவர்களைச் சுற்றித்தான் வளர்ந்தது. மாக்சிமியனால் சும்மா உட்கார முடியலை. ரெண்டு வருஷத்துக்குள்ளேயே திரும்பி வந்து பதவிக்குச் சண்டை போட்டு, கடைசியில் 310இல் கேவலமாகச் செத்துப்போனார். 308இல் நிலைமை கெட்டுப்போய், டயோக்ளீஷியனை மறுபடி வரச் சொல்லிக் கேட்டபோது, நான் என் கையால் வளர்த்திருக்கிற முட்டைக்கோஸைப் பார்த்தால் நீங்கள் இப்படிக் கேட்கவே மாட்டீர்கள் என்று சொன்னதாகக் கதை.

இதோட நிறுத்தினா அழகான கதை. ஆனா நிஜம் அங்கே நிக்கலை. அவர் போட்ட நாலு பேர் முறை அவர் கண் முன்னாலேயே உள்நாட்டுப் போரில் சிதைந்தது. அவருடைய மகள் வலேரியாவைப் புதிய ஆட்சியாளர்களில் ஒருவர் நாடு கடத்தியபோது, விட்டுவிடுங்கள் என்று இந்த மனிதர் கேட்டுப் பார்த்தார். யாரும் மதிக்கலை. அவர் இறந்த பிறகு மகளும் மனைவியும் கொல்லப்பட்டாங்க.

ஒரு காலத்துல உலகமே நடுங்கின பெயர். கடைசியில சொந்த மகளுக்காகக் கேட்டும் நடக்கலை. ஏன்? அவர் கொண்டுவந்த முறையில, அடுத்தது யார் என்று ரெண்டு பேர் சண்டை போட்டா தீர்த்து வைக்க ஒரு வழியும் இல்லை. தீர்த்து வைத்தது அவருடைய அதட்டல் மட்டும்தான். அவர் போனதும் அதட்டலும் போனது.

3. காமராஜர்: இறங்கி மேலே போனவர், பிறகு நிஜமாகவே இறங்கியவர்

நமக்குத் தெரிந்த பெயர்தான். ஆனா நாம ஸ்கூல்ல மதிய உணவோட நிறுத்திடறோம்.

1954இல் இருந்து முதலமைச்சர். ஒன்பது வருஷம், மூணு தடவை பதவியேற்பு. 1963இல் காங்கிரஸ் கட்சிக்கு நேரம் சரியில்லை. முந்தைய வருஷம் சீனப் போர். அந்த வருஷம் மூணு மக்களவை இடைத்தேர்தலில் தோல்வி. சென்னை மாநிலத்தில் 1962 தேர்தலில் தி.மு.க. 50 இடம் பிடித்திருந்தது. பதவியில் இருக்கிறவர்கள் கட்சியை மறந்துவிட்டார்கள், மூத்தவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்கு வர வேண்டும் என்று காமராஜர் நேருவிடம் சொன்னார். சொன்னதோடு முதல் ஆளாகத் தானும் நின்றார். அதுதான் காமராஜர் திட்டம்.

ஆறு மத்திய அமைச்சர்கள், ஆறு முதலமைச்சர்கள் விலகினாங்க. லால் பகதூர் சாஸ்திரி, மொரார்ஜி தேசாய், ஜகஜீவன் ராம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. 1963 அக்டோபர் 2 அன்று காமராஜர் இடத்துக்கு பக்தவத்சலம் வந்தார்.

இப்போ நம்ம டிரான்ஸ்ஃபார்மர் கணக்கு சரியா வேலை செய்யுது பாருங்க. மாநில முதலமைச்சர் பதவி போச்சு. சில மாதத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவர். 1964 மே 27இல் நேரு இறந்தபோது, அடுத்தது யார் என்ற கேள்விக்கு எல்லாரிடமும் பேசி சாஸ்திரியைக் கொண்டுவந்தவர் இவர். 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தபோது, மறுபடியும் இவர்தான். கட்சி எம்.பி.க்கள் ஓட்டெடுப்பில் இந்திரா காந்தி 355, மொரார்ஜி 169. ரெண்டு தடவையும் நாற்காலி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, அவர் உட்காரலை. இதனாலதான் கிங் மேக்கர் என்ற பெயர்.

ஆனா கணக்குல இன்னொரு பக்கமும் இருக்கு. மொரார்ஜியை ஓரம் கட்டத்தான் இந்தத் திட்டம் என்று அப்போதே விமர்சனம் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அவர் விட்டுப்போன ஊரில் நடந்தது. 1965இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம், பிறகு அரிசித் தட்டுப்பாடு. மக்களின் கோபத்தை நேரில் கேட்டுப் பழகின அந்த ஆள் அப்போ கோட்டையில் இல்லை. 1967 தேர்தலில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது. இன்றுவரை அந்தக் கட்சி தமிழ்நாட்டில் முதலமைச்சர் நாற்காலிக்குத் திரும்பவில்லை. காமராஜர் தன் சொந்த ஊரான விருதுநகரில் 1,285 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். தோற்கடித்தவர் பெ. சீனிவாசன், இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் இருந்து வந்த மாணவர் தலைவர்.

தானே கொண்டுவந்த இந்திரா காந்தியும் கைக்குள் இருக்கவில்லை. 1966இல் ரூபாய் மதிப்பைக் குறைத்தபோதே இவருக்குப் பிடிக்கவில்லை. 1969இல் கட்சியே ரெண்டாக உடைந்து, ரெண்டு பேரும் எதிரெதிர்ப் பக்கம்.

எனக்குப் பிடிச்சது அந்தத் தோல்விக்கு அப்புறம் நடந்ததுதான். கட்சிக்குள்ள இத்தனை பெரிய ஆள், தோத்தப்புறமும் ஒதுங்கலை. 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து, சாதாரண எம்.பி.யாகப் போய் உட்கார்ந்தார். 1975இல் இறந்தார், அதே அக்டோபர் 2ஆம் தேதி. முதலமைச்சர் பதவியை விட்டு சரியாகப் பன்னிரண்டு வருஷம்.

தானாக இறங்குவது ஒரு பாடம். மக்கள் இறக்கிவிட்டா அதை ஏத்துக்கறது வேற பாடம். ரெண்டாவதுதான் கஷ்டம். காமராஜருக்கு ரெண்டும் வந்தது.

4. லீ குவான் யூ: ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்

ட்ரிபிள் ஈ மக்களுக்குத் தெரியும். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர்ல பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவுல ஒயர் தொடர்பு கிடையாது. ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்ல ரெண்டுக்கும் ஒரே சுற்று. செலவு கம்மி, திறன் அதிகம். ஆனா தனிமைப்படுத்தல் இல்லை, இந்தப் பக்கம் கோளாறுன்னா அந்தப் பக்கம் நேரா அடிக்கும்.

சிங்கப்பூரின் லீ குவான் யூ 1959 முதல் பிரதமர். 1990 நவம்பரில், 31 வருஷத்துக்குப் பிறகு, நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே கோ சோக் டோங்கிடம் பதவியைக் கொடுத்தார். அடுத்த தலைமுறையைப் பல வருஷம் முன்னாடியே தேடி, அமைச்சராக்கி, வேலை கொடுத்துப் பழக்கினார். இந்தத் தயாரிப்பில் அவரை மிஞ்ச ஆள் கம்மி.

ஆனா அவர் அமைச்சரவையை விட்டுப் போகவில்லை. மூத்த அமைச்சராக உட்கார்ந்தார். 2004இல் அவர் மகன் லீ சியன் லூங் பிரதமரானபோது மதியுரை அமைச்சர் என்று ஒரு புதுப் பதவி. 2011 மே மாதம்தான் அமைச்சரவையை விட்டு வெளியே வந்தார். அதாவது பிரதமர் பதவிக்குப் பிறகு இன்னும் 20 வருஷம். 1988லேயே அவர் வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்: என்னைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாலும், ஏதோ தப்பு நடக்கிறதுன்னு தோன்றினால் எழுந்து வருவேன் என்று. அதே கூட்டத்தில் கோ தன்னுடைய முதல் தேர்வு இல்லை என்பதையும் சொன்னார்.

கோ சோக் டோங் இடத்துல இருந்து யோசிச்சுப் பாருங்க. பக்கத்து நாற்காலியில முன்னாள் பிரதமர், "நீ என் முதல் தேர்வு இல்லை" என்று நாட்டுக்கே சொன்னவர். கோ அதைத் தாங்கிக்கொண்டு 14 வருஷம் ஆட்சி செய்தார், நாடும் வளர்ந்தது. எனவே இந்த முறை தோல்வி என்று சொல்ல முடியாது. அனுபவம் வீணாகாமல் கிடைத்தது, மாற்றம் அதிராமல் நடந்தது. ஆனா விலை ஒன்று உண்டு. முடிவு எடுப்பது யார் என்ற சந்தேகம் எல்லாருக்கும் இருந்துகொண்டே இருக்கும்.

என் போஸ்டர் கதை ஞாபகம் வருதா? நான் செஞ்சது இதேதான், ஆனா லீ செஞ்ச தயாரிப்பு எதுவும் இல்லாம.

5. மண்டேலா: எப்போது வாய் திறப்பது?

27 வருஷம் ஜெயில். 1994 மே மாதம் தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவர். புதிய அரசியல் சட்டப்படி ரெண்டு முறை இருக்கலாம். நின்றிருந்தால் ஜெயித்திருப்பார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நெல்சன் மண்டேலா ஒரே முறையோடு 1999 ஜூனில் போய்விட்டார். பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில், 1980இல் விடுதலை நாயகனாக வந்த ராபர்ட் முகாபே 2017 வரை விடவில்லை. 93 வயசுல ராணுவம் தலையிட்டுத்தான் அவரை இறக்க முடிந்தது. ரெண்டு பேரையும் பக்கத்துல வெச்சுப் பார்த்தா வேற விளக்கம் தேவையில்லை.

ஆனா மண்டேலா வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. அவருக்குப் பின் வந்த தாபோ எம்பெக்கியின் அரசு எய்ட்ஸ் நோய்க்கு மருந்து கொடுப்பதில் தயங்கி இழுத்தடித்தது. ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். தன் ஆட்சியில் தானும் போதுமான அளவு செய்யவில்லை என்பதை மண்டேலா ஒத்துக்கொண்டு, வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். தன் ஜெயில் எண்ணான 46664 என்ற பெயரிலேயே பிரச்சார இயக்கம் நடத்தினார். 2005 ஜனவரியில் தன் மகன் மக்காத்தோ இறந்தபோது, காரணம் எய்ட்ஸ்தான் என்று அவரே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அந்த நோயின் பெயரைச் சொல்லவே குடும்பங்கள் வெட்கப்பட்ட காலம் அது.

பதவி இல்லாத மனிதர், உத்தரவு போட முடியாது. தன் சொந்தத் துக்கத்தை முன்னால் வைத்து மட்டும்தான் பேச முடிந்தது. அது எந்த உத்தரவையும்விட அதிகம் கேட்கப்பட்டது. போன பிறகு பேசவே கூடாதுன்னு நான் சொல்லலை. உயிர் போற விஷயமா, ஃபான்ட் மாத்துற விஷயமா என்று பிரிச்சுப் பார்த்துட்டுப் பேசணும்.

6. கைடோ: நம்ம ஏரியா

கடைசியா, நாம தினமும் பயன்படுத்தற பைத்தான். கைடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட மொழி. அந்தச் சமூகத்தில் அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: "ஆயுள் முழுக்க நல்லெண்ண சர்வாதிகாரி". கிண்டலா வெச்ச பெயர்தான், ஆனா உண்மையும் அதுதான். மொழியில் எதைச் சேர்ப்பது என்பதில் கடைசி வார்த்தை அவருடையது.

2018இல் பெப் 572 என்று ஒரு முன்மொழிவு. ஒரு கோவைக்குள்ளேயே மாறிக்கு மதிப்புக் கொடுக்க := என்ற குறி. வால்ரஸ் ஆபரேட்டர்னு சொல்வோமே, அதுதான். இதுக்கு மாதக்கணக்கில் கடுமையான சண்டை. கைடோ ஏற்றுக்கொண்டார், சேர்த்தார். ஆனா ஜூலை 12 அன்று மையக் குழுவுக்கு ஒரு மெயில் அனுப்பினார். ஒரு முன்மொழிவுக்காக இவ்வளவு போராடி, இத்தனை பேர் என் முடிவை வெறுப்பதைப் பார்க்க இனி முடியாது, ஓய்வு வேண்டும் என்பது சாரம். அடுத்த தலைவர் யாருன்னு நான் சொல்லப் போவதில்லை, ஜனநாயகமா, சர்வாதிகாரமா, வேறு ஏதாவதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றும் எழுதினார்.

எல்லாருக்கும் அதிர்ச்சி. ஏனென்றால் எப்படி முடிவு எடுப்பது என்பதை முடிவு எடுக்கவே ஒரு முறை கிடையாது. மையக் குழுவில் இருந்தவர்கள் பல மாதம் பேசினாங்க. ஒரே தலைவர், தலைவரே இல்லாமை, குழு என்று பல திட்டங்களை முறையாக எழுதி வெச்சு, டிசம்பரில் ஓட்டுப் போட்டாங்க. ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் குழு என்ற திட்டம் ஜெயித்தது. விதிகளையும் எழுதினாங்க: ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் ரெண்டு பேருக்கு மேல் குழுவில் இருக்கக் கூடாது, நம்பிக்கை இல்லையென்றால் ஓட்டுப் போட்டு நீக்கலாம், ஒவ்வொரு பெரிய வெளியீட்டுக்குப் பிறகும் புதிய தேர்தல்.

2019 தொடக்கத்தில் வந்த முதல் குழுவில் கைடோவும் ஒருவர். ஐந்தில் ஒரு ஓட்டு, அவ்வளவுதான். அடுத்த தேர்தலில் தன் பெயரை விலக்கிக்கொண்டார். 2020இல் மைக்ரோசாஃப்ட்டில் சேர்ந்து, பைத்தானை வேகமாக்கும் வேலையில் உட்கார்ந்துட்டார். 2022இல் வந்த 3.11 பதிப்பு முந்தையதைவிட வேகமாக ஓடினதுக்குப் பின்னால் அந்தக் குழுவின் உழைப்பு இருக்கு. தான் உருவாக்கின மொழியில, தலைவரா இல்லாம, கோடு எழுதற ஒரு ஆளா.

டயோக்ளீஷியன் கதையோட இதை ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டு பேரும் போனதும் குழப்பம் வந்தது. அங்கே முறை இல்லாததால வாள் எடுத்தாங்க. இங்கே முதல்ல ஒரு முறையை எழுதிட்டு அப்புறம் ஆளைத் தேடினாங்க.

நாம என்ன எடுத்துக்கலாம்?

ஒண்ணு: தேதி வைங்க. வாஷிங்டன், மண்டேலா, லீ மூணு பேரும் முடியலைன்னு ஆகறதுக்கு முன்னாடியே கிளம்பினவங்க. கைடோ களைச்சுப் போன பிறகு கிளம்பினார், அதனால எல்லாருக்கும் வலி. "ஏப்ரல் கடைசியில முடிச்சுக்கறேன்" என்று ஜனவரியிலேயே சொல்லிட்டா பாதிப் பிரச்சினை இல்லை.

ரெண்டு: பொறுப்பைக் கொடுக்கும்போது சாவியையும் கொடுங்க. இன்ஸ்டா பாஸ்வேர்டு, டிரைவ் உரிமை, ஸ்பான்சர் போன் நம்பர், போன வருஷம் எதுல நஷ்டம் வந்தது என்ற கணக்கு. நஷ்டக் கணக்குதான் முக்கியம், அதைத்தான் நாம மறைப்போம்.

மூணு: ஆளைத் தயார் பண்றதோட முறையையும் எழுதி வைங்க. ரெண்டு பேருக்குக் கருத்து வேறுபாடு வந்தா யார் முடிவு எடுக்கணும்? பணத்துக்கு யார் கையெழுத்து? ஒரு பக்கம் போதும்.

நாலு: அடுத்த நாள் காலைக்கு ஒரு வேலை வெச்சுக்குங்க. முட்டைக்கோஸோ கோடோ எதுவா இருந்தாலும் சரி. மாக்சிமியன் மாதிரி சும்மா இருந்தா கை தானா போஸ்டர் பக்கம் போகும்.

அஞ்சு: பேசணும்னு தோணினா மண்டேலா கேள்வியைக் கேட்டுக்குங்க. யாருக்காவது நிஜமா பாதிப்பு வருமா? வரும்னா சொல்லுங்க, முதல்ல தனியா சொல்லுங்க. வராதுன்னா விட்டுடுங்க.

ஜூனியர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்ககிட்ட கேளுங்க, ஆனா அனுமதி கேட்காதீங்க. "போன வருஷம் இதை எப்படிண்ணா செஞ்சீங்க?" என்பது கேள்வி. "இதைப் போடலாமாண்ணா?" என்பது அனுமதி. ரெண்டாவதைக் கேட்டா நாங்க சந்தோஷமா பதில் சொல்லுவோம், அதுதான் ஆபத்து.

என் கதையை முடிச்சுடறேன். அந்தப் பையனைக் கூப்பிட்டு டீக்கடையில உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். இனிமே எனக்கு அனுப்பாதடா, நேரா போடு என்றேன். டிரைவ் உரிமையை அங்கேயே மாத்திக் கொடுத்தேன். போன வாரம் அவன் போட்ட போஸ்டர்ல தேதி தப்பு. பார்த்தேன். தேதி தப்பாச்சே, யாராவது தப்பான நாள்ல வந்து நிப்பாங்களே என்று தனியா ஒரு மெசேஜ் டைப் பண்ணிட்டு இருந்தேன். அனுப்பறதுக்குள்ள அவனே கண்டுபிடிச்சுத் திருத்திப் போட்டுட்டான்.

டைப் பண்ணதை அழிச்சுட்டேன். இப்போ என் போன் முன்ன மாதிரி அடிக்கறதில்லை. கொஞ்சம் வலிக்கத்தான் செய்யுது. அதே சமயம், கிளப் நடக்குது. வெள்ளிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு நானும் பேர் கொடுத்திருக்கேன், பார்வையாளனா. கடைசி வரிசையில ஒரு நாற்காலி இருந்தா போதும்.